கூட்டினால் எட்டு

என் வீட்டுக்காரர் பந்தயத்தை முடித்துவிட்டார் என்று செல்போனில் மெசேஜ் வந்துவிட்டது. வாழ்த்துகள் வேறு சொல்லியிருந்தார்கள். ஆனால் மனிதரைத்தான் காணோம்!

இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் மைசூரில் பெரிய ஓட்டம் நடந்தது. பல ஆயிரம் பேர். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் டி-ஷர்ட். மைதானத்தில் சாமந்திப் பூவைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. நான் முடிகிற இடத்தில் கம்பியை ஒட்டி நின்றிருந்தேன். ஒரு கையில் இட்லி டப்பா, ஒரு கையில் பிளாஸ்க். மெசேஜ் இங்கிலீஷில் வந்ததால் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். "உங்க ஹஸ்பெண்ட் சூப்பரா முடிச்சிருக்காரு ஆன்ட்டி" என்றாள்.

சூப்பராகவா? அவரா?

அவரை உங்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன் — பெயர் சவரிமுத்து. ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எழுபதைத் தாண்டியவர். உடம்பில் சர்க்கரை உண்டு. பிடிவாதம் அதைவிட அதிகம் உண்டு.

அவரை இந்த ஓட்டத்தில் இழுத்துவிட்டது பழனிச்சாமி. விஜயநகரில் எங்களுக்கு எதிர்வீடு. தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கத்துக்காரர். காடு கழனியைத் தம்பியிடம் விட்டுவிட்டு மகனோடு வந்து இருக்கிறார். என்னை அக்கா என்பார், இவரை அண்ணா என்பார். காலையில் இரண்டு பேரும் பார்க்கைச் சுற்றுவார்கள். இவர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அவர் மூன்று சுற்றி முடித்துவிடுவார். அப்புறம் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கார் சரியில்லை என்று பேசுவார்கள். அது மட்டும் சமமாக இருக்கும்.

"ஏனுங்கண்ணா, ஓடோணும்னு இல்லீங்க. நடந்தாலும் மெடல் தர்றாங்களாமா" என்றார் பழனிச்சாமி. இவர் கண் மின்னியதைப் பார்த்தேன். எழுபது வயதில் ஒரு ஆணுக்கு மெடல் ஆசை வந்தால் யார் தடுக்க முடியும்?

பழனிச்சாமியின் மருமகள்தான் போனில் பெயர் பதிந்து கொடுத்தாள். அடேயப்பா, எத்தனை கேள்வி! வயது என்ன, ரத்தம் என்ன வகை, என்ன வியாதி, என்ன மாத்திரை, சட்டை என்ன சைஸ், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும்...

"ரோட்டில நடக்கிறதுக்கு இத்தனை கேள்வியா? பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இவ்ளோ கேட்கமாட்டாங்களே" என்றேன்.

"சாஃப்ட்வேர் கேக்குது பெரீம்மா. நாம சொல்லலைன்னா அடுத்த பக்கத்துக்கே போகாது" என்றாள் அவள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்து, வீட்டைக் கட்டி, இரண்டு பெண்களைக் கரையேற்றியவள் நான். என்னை இதுவரை எந்த சாஃப்ட்வேரும் கேள்வி கேட்டதில்லை. சரி, கேட்டுத் தொலையட்டும் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் என் நம்பரைக் கொடுத்தேன். வேறு யாருக்குச் சொல்வார்கள்?

சனிக்கிழமை மாதா கோவிலில் சாயங்காலப் பூசைக்குப் போய்விட்டு வந்தோம். மறுநாள் காலைப் பூசைக்குப் போக முடியாது அல்லவா! வீட்டுக்கு வந்தால் பழனிச்சாமி வாசலில் நிற்கிறார். கையில் இரண்டு பேருக்குமான பை. அதில் டி-ஷர்ட், நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டை, நான்கு நான்கு ஊக்கு. அட்டையின் பின்பக்கம் சின்னதாகக் கறுப்புப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதுதான் சிப்பாம்.

ஆள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன பழனிச்சாமி, யாருக்கு என்ன?"

"எனக்கு நாலாயிரத்துப் பதிமூணு போட்டுட்டாங்க்கா."

"அதுக்கென்ன?"

"கூட்டிப் பாருங்க. எட்டு வருதுங்க. எட்டு சனியோடதுங்க. எனக்குச் சுத்தமா ஆவாதுங்க்கா. வண்டி நம்பர், போன் நம்பர், மகன் கல்யாணத் தேதி — எதுலயும் எட்டு வராம பார்த்துட்டேனுங்க. இப்ப நெஞ்சுலயே ஒட்டிக்கிட்டுப் போகச் சொன்னா எப்படிங்க?"

என் வீட்டுக்காரருக்கு அடுத்த நம்பர். நாலாயிரத்துப் பதினாலு. கூட்டினால் ஒன்பது. ஒன்பது செவ்வாயாம், முருகனுக்கு ஆகிவந்த நம்பராம். பழனிச்சாமி அந்த அட்டையைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பந்தியில் பக்கத்து இலை அப்பளத்தைக் குழந்தை பார்க்கிற மாதிரி!

"எடுத்துக்கப்பா. ஞானஸ்நானம் வாங்கினவனை எந்தச் சனியும் சீண்டாது" என்று சிரித்தார் இவர். அட்டை கை மாறியது. மறுநாள் விடியலில் இரண்டு பேருக்கும் நெஞ்சில் ஊக்குக் குத்திவிட்டதே நான்தான். நம்பர் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்த்தேன். ஒரு அட்டை கை மாறினால் என்ன? பஸ்ஸில் சீட்டு மாறி உட்கார்வதில்லையா? மூன்று பேரும் அப்படித்தான் நினைத்தோம்.

பந்தயம் கிளம்பும்போது குளிர் போகவில்லை. இவர் மங்கி கேப் போட்டுக்கொண்டு போனார். இட்லியை நீட்டினால், "வயித்துல பாரத்தோட எப்படி நடக்கிறது? வந்து சாப்பிடறேன்" என்றார். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் பழக்க தோஷத்தில் எப்போதும்போலப் போட்டுக்கொண்டிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. காலி மாத்திரைக் கவர் அவர் பேன்ட் பாக்கெட்டில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

சரி, மெசேஜுக்கு வருகிறேன்.

முடித்துவிட்டார் என்கிறது போன். கம்பிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் மஞ்சளாக வருகிறார்கள்... அவர் இல்லை. மெடல் கொடுக்கிற வரிசையில் பார்த்தேன், இல்லை. உப்புமா கொடுக்கிற வரிசையில் பார்த்தேன். மனிதர் பசி தாங்கமாட்டார், அங்கே இல்லாமல் இருக்க முடியாது. அங்கேயும் இல்லை! போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவரைக் கூப்பிடுவது எப்படி?

யாரையாவது கேட்கலாம் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன்.

மைதானத்து ஓரத்தில் ஒரு கூடாரம். உள்ளே நாலைந்து கம்ப்யூட்டர், வாக்கி டாக்கி, தரை முழுக்க ஒயர். நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சைத்ரா என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையைக் கிளிப்பில் அள்ளிச் செருகியிருந்தாள். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ் என்று வளர்ந்தவள் போல. என் கன்னடத்தில் தமிழ் இருப்பதைக் கண்டுபிடித்து அவளே தமிழுக்கு வந்துவிட்டாள்.

"யாக்கம்மா, ஏன் பதறறீங்க? முதல்ல கூருங்க, உட்காருங்க" என்று நாற்காலியைத் தள்ளினாள்.

நம்பரைச் சொன்னேன். தட்டினாள்.

"சவரிமுத்து. முடிச்சாச்சும்மா. நல்ல டைம். அவர் வயசுக்காரங்கள்ல முன்னாடி வந்திருக்கார்."

"அம்மா தாயே... அவரு பூசைக்குக் கிளம்பினா, முடியப்போற நற்கருணை நேரத்துக்குத்தான் கோவில் வாசலைத் தொடுவாரு. அவரு எப்படி முன்னாடி வருவாரு?"

வேறு யாராக இருந்தாலும், கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லாது என்று என்னை அனுப்பியிருப்பார்கள். பின்னால் அத்தனை பேர் ஆளுக்கொரு குறையோடு நிற்கிறார்கள். இவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இருங்க, முடிவுக் கோட்டைத் தாண்டறப்ப போட்டோ எடுத்திருக்கும்" என்று எதையோ அமுக்கினாள்.

திரையில் முகம் வந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, எலெக்‌ஷனில் ஜெயித்த மாதிரி — பழனிச்சாமி!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட்டை!

சொன்னேன். எட்டு, ஒன்பது, சனி, செவ்வாய் எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அப்போ உங்க யஜமானர் கிட்ட இருக்கிறது நாலாயிரத்துப் பதிமூணு" என்று அதைத் தட்டினாள். தட்டியதும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அம்மா, நோடி, இங்க பாருங்க. ரோட்டுல அங்கங்க ரப்பர் பாய் போட்டிருக்கோம். மிதிச்சா நம்பர் இங்க வந்துடும். இவர் அக்ரஹாரத்துப் பாயைத் தாண்டியிருக்கார். அடுத்தது குக்கரஹள்ளிக் கெரே, அந்த ஏரி பக்கத்துல. அதை இன்னும் மிதிக்கல. அவரோட அக்ரஹாரத்தைத் தாண்டினவங்க எல்லாம் மிதிச்சாச்சு."

"அப்ப?"

"அப்ப, இந்த ரெண்டு பாய்க்கும் நடுவுலதான் இருக்கார். ஊர் பூரா தேட வேண்டாம்."

இந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்குக் கோவில் கட்டலாம்.

அதற்குள் கூடாரத்து வாசலில் பழனிச்சாமி! கழுத்தில் மெடல், கையில் உப்புமாத் தட்டு. "அக்கா, அண்ணா எங்கீங்க? போட்டோ எடுக்கோணுமுங்க" என்று வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சைத்ரா அடையாளம் கேட்டாள். "மஞ்சள் சட்டை, மங்கி கேப்" என்றேன்.

"இன்னிக்கு சீனியர் சிட்டிசன் எல்லாருமே மஞ்சள் சட்டை, மங்கி கேப்தாம்மா" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, அந்த நேரத்திலும் சிரிப்பும் வந்தது. ஆக, அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட இருந்தது அந்த எட்டு ஒன்றுதான்.

அப்புறம் அவள் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் மைசூர் ரோடெல்லாம் கோடு கோடாக இருந்தது. எந்த முனையில் எந்த வாலண்டியர், எங்கே தண்ணீர் தீர்ந்துபோச்சு, எந்த ஆம்புலன்ஸ் சும்மா நிற்கிறது, எந்த ரோட்டை போலீஸ் திறந்துவிட்டார்கள்... எல்லாம் அதில் இருந்தது. அக்ரஹாரத்துக்கும் கெரேவுக்கும் நடுவில் நின்ற எல்லோருடைய போனுக்கும் ஒரே அமுக்கில் சேதி போனது. மருந்துப் பையோடு சுற்றுகிற பைக் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று திரையே காட்டியது. அதையும் திருப்பிவிட்டாள். மெயின் ரோட்டை மட்டும் பார்க்காதீர்கள், சந்து சந்தாகப் போய்ப் பாருங்கள் என்று வாக்கி டாக்கியில் சொன்னாள்.

முக்கியமானதை இன்னும் சொல்லவில்லையே!

"அம்மா, அவருக்கு என்ன வியாதி?" என்று கேட்டாள்.

"சர்க்கரை."

"இந்த நம்பரை ஸ்கேன் பண்ணா பழனிச்சாமி, ஒரு வியாதியும் இல்லைன்னு வரும். முதல்ல அதை மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டே, அவர் பெயரை இங்கே, இவர் பெயரை அங்கே என்று மாற்றினாள். அவ்வளவுதான். இங்கே மாற்றியது அக்ரஹாரத்தில் பைக்கில் போகிறவன் போனிலும் மாறிவிடுமாம்! ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த காலத்தில் கட்டில் மாறிப் படுத்துவிட்டால், அந்தச் சேதி டாக்டருக்கு, நர்சுக்கு, சமையலறைக்கு என்று ஒவ்வொரு இடமாகப் போய்ச் சேர வேண்டும். பத்தியக் கஞ்சி ஒருவருக்கு, குடித்தவர் இன்னொருவர் என்று ஆனதெல்லாம் உண்டு. ஆயாக்கள் நாங்கள் மாடிக்கும் கீழுக்கும் ஓடுவோம். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓடினாள்.

நான் ஜெபமாலையை எடுத்தேன். பழனிச்சாமி "முருகா, முருகா" என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். "எட்டை அவர் நெஞ்சுல ஒட்டினவன் நானுங்க்கா... நானே ஒட்டிட்டனுங்க" என்று கண்ணைத் துடைத்தார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஊக்குக் குத்தியது யார் என்று ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. பைக்கில் போனவன்தான், கன்னடத்தில் பேசினான். எனக்குக் கன்னடமும் வீட்டுப் பாஷை மாதிரிதான்.

"மேடம், நாலாயிரத்துப் பதிமூணு கிடைச்சுட்டாரு. கோவிலுக்குப் பின்னாடி சந்துல, பூட்டின கடைப் படியில உட்கார்ந்திருக்காரு. உடம்பெல்லாம் வேர்வை. பேரைக் கேட்டா பதில் இல்ல. ஸ்கேன் பண்ணிட்டோம். சவரிமுத்து, சுகர்னு சிவப்புல வருது. விரல்ல குத்திப் பார்த்தோம், சுகர் ரொம்ப இறங்கியிருக்கு. குளுக்கோஸ் கொடுக்கறோம்."

சவரிமுத்து, சுகர். அந்த இரண்டு வார்த்தையும் என் காதில் விழுந்தபோதுதான் கையில் இட்லி டப்பாவை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

தலை சுற்றியதும், எல்லோரும் பார்க்கிற ரோட்டில் உட்கார வெட்கப்பட்டுக்கொண்டு சந்துக்குள் போயிருக்கிறார் மனிதர். அந்தக் கடைக்குப் பக்கத்து வீட்டம்மா ஒருத்தி தண்ணீர் கொடுத்திருக்கிறாள். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்றே அவளும் நினைத்திருக்கிறாள். பாவம், யாருக்குத்தான் தெரியும்? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஆம்புலன்ஸில் மைதானத்துக்கே கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, மங்கி கேப்பைக் கழற்றாமல், அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பழனி முடிச்சானா?"

பழனிச்சாமி ஓவென்று அழுதுவிட்டார். கழுத்து மெடலைக் கழற்றி இவருக்குப் போட வந்தார். "எட்டு வேலையைக் காட்டிடுச்சுங்கண்ணா. நான் அப்பவே சொன்னனுங்களே!"

"எட்டு என்ன பண்ணுச்சு?" என்றேன் நான். "மாத்திரையைப் போட்டுக்கிட்டு இட்லியை விட்டது இவரு. அட்டையை மாத்தினது நீயி. குத்தினது நானு. எட்டு பாட்டுக்குத் தன் வேலையைச் செஞ்சுது. பாயை ஒழுங்கா மிதிச்சு, இங்கதான் இருக்கேன்னு அதுதானே சொல்லுச்சு?"

பழனிச்சாமி மெடலைத் திரும்பத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் கோவில் திருவிழாவில் இதில் கால்வாசிக் கூட்டம் இருக்காது. தேர் கிளம்பினால் ஒரு குழந்தை காணாமல் போகும். நீலச்சட்டை போட்ட பையன் என்று மைக்கில் சொல்வார்கள். நாலு நீலச்சட்டை வந்து நிற்கும், நாலும் வேறு பையனாக இருக்கும். பந்தியில் இந்தக் கோடியில் சாதம் தீர்ந்து சத்தம் போடுவார்கள், அந்தக் கோடியில் அண்டா நிறைய மிச்சம் இருக்கும். கூட்டம் என்றால் அப்படித்தான் என்று நாம் பழகிவிட்டோம். பல ஆயிரம் மஞ்சள் சட்டைக்கு நடுவில் ஒரே ஒரு கிழவரை, அவர் பெயரோடும் வியாதியோடும் தேடிப் பிடிக்கிற காலம் வரும் என்று நான் நினைத்தேனா?

அத்தனை கேள்வி கேட்கிறதே என்று முகத்தைத் திருப்பினேனே... ஒவ்வொரு கேள்வியும் அக்ரஹாரத்துச் சந்தில் வந்து நின்றது. ஆனால் ஒன்று. என் முகத்தைப் பார்த்து, சரி, போட்டோவைப் பார்ப்போம் என்று சைத்ராவுக்குத் தோன்றியிருக்காவிட்டால்? அந்தப் பெட்டியில் எல்லாம் இருந்தது. அதைச் சரியான நேரத்தில் கேட்க ஒரு மனுஷி வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் என் நன்றி.

எனக்கு நன்றி சொல்வது சுலபமாக வராது. என் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மறுநாள் விலாசம் விசாரித்து, பழனிச்சாமியைக் கூட்டிக்கொண்டு சைத்ராவின் ஆபீசுக்குப் போனேன். தேங்காய் பர்ஃபி செய்து எடுத்துக்கொண்டேன். சர்க்கரையை நினைத்தாலே பயமாக இருந்ததால் கொஞ்சம் குறைவாகத்தான் போட்டேன். "எதுக்கும்மா இதெல்லாம்? என் வேலைதானே" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எங்க யஜமானருக்கு ஒரு சர்டிஃபிகேட் கிடைக்குமா? கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றேன், கிளம்பும்போது.

"மிச்சப் பாயை மிதிக்கலையேம்மா" என்று சிரித்தாள். பழனிச்சாமி ஓடியதெல்லாம் அன்றைக்கே அவர் பெயருக்கு மாறிவிட்டது. இவர் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது. நியாயம்தானே! ஆனால் என் போனுக்கு முதலில் வந்த அந்த வாழ்த்து மெசேஜை அழிக்க விடமாட்டேன் என்கிறார். பால்காரர் வரைக்கும் காட்டியாயிற்று.

நேற்று பழனிச்சாமி வந்தார். அடுத்த ஓட்டத்துக்கு இப்போதே பெயர் கொடுக்கலாமாம். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டாக்டரைக் கேட்டேன். சாப்பிட்டுவிட்டு மெதுவாக நடந்தால் போகட்டும் என்றுவிட்டார்.

சரி, போகட்டும். எல்லாக் கேள்விக்கும் நானே உட்கார்ந்து பதில் சொல்கிறேன். நம்பர் எட்டு வந்தாலும் சரி, பதினெட்டு வந்தாலும் சரி. அட்டை கை மாறக் கூடாது என்று, இந்தத் தடவை ஊக்கைச் சட்டையோடு மட்டும் நிறுத்துவதாக இல்லை — பனியனையும் சேர்த்துக் குத்துவேன், தோலில் கொஞ்சம் பட்டாலும் பரவாயில்லை!